பிரேக் ட்ரம்மில் காற்றடித்த அன்று

அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் நான், காரின் சிறு வேலைகளைப் பல ஆண்டுகளாக வீட்டிலேயே செய்து வருகிறேன். சென்ற ஆனி மாதம் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய் மலைப்பாதையில் இறங்கி வந்த மறுநாள், பின்சக்கரத்தில் கீச்சென்ற சத்தம் கேட்டதால் பிரேக்கை மூடியிருக்கும் வட்ட ட்ரம்மைக் கழற்றினேன். ட்ரம்மின் உட்புறத்தில் உராய்ந்து வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூவைச் சுற்றிலும் கோலமாவைவிட நைசான கருஞ்சாம்பல் தூள் ஒரு கைப்பிடி அளவு சேர்ந்திருந்தது. டயருக்குக் காற்றடிக்கும் பம்பின் குழாயை அதற்கு நேரே பிடித்து ஊதினேன். தூள் புகைபோல எழுந்து கொட்டகையை நிறைத்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மகளின் வெள்ளைச் சீருடையில் படிந்தது. மனைவி அதை எடுத்து உதறியபோது மீண்டும் பறந்தது. மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

விக்கிரமசிங்கபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "காத்தடிக்கப்பிடாது, நனைச்சுத்தான் தொடணும்" என்றார். பழைய ஷூக்களிலும் டிஸ்க் பிரேக்கின் பேடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற நுண்ணிழைக் கனிமம் இருக்கலாம். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நுரையீரலுக்குள் போன அதன் இழை நோயாக வெளிப்பட 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. எனவே தூளை எழும்பவிடாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இப்போது நான் செய்யும் முறை இது. வண்டியை ஓட்டி நிறுத்தியவுடன் தொடுவதில்லை, ஓர் இரவு ஆறவிடுகிறேன். அடியில் பழைய தட்டு ஒன்றை வைத்து, செடிக்கு நீர் தெளிக்கும் கைத்தெளிப்பானில் சோப்புத் தண்ணீரை நிரப்பி, வேகமாகப் பீய்ச்சாமல் பனிபோலத் தெளித்து, தூள் சேறாகக் குழையும் வரை காத்திருந்து, ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன். அந்தத் துணி காய்வதற்குள் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுகிறேன். அதை அலசி மறுபடி பயன்படுத்துவதில்லை. கடையில் விற்கும் பிரேக் கிளீனரும் நல்லதுதான்; ஆனால் திறந்த வெளியில், அடுப்போ பீடியோ இல்லாத இடத்தில் மட்டுமே அடிக்க வேண்டும். சில வகைகள் சட்டெனத் தீப்பற்றும், குளோரின் கலந்த வகைகள் கடும் சூடு பட்டால் நச்சு வாயுவாக மாறும். ட்ரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதித்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளிருக்கும் சிலிண்டரின் பிஸ்டன் பிதுங்கி, பிரேக் ஆயில் கொட்டிவிடும்.

திசையன்விளையிலிருந்து ஒருவர்:

அண்ணாச்சி, எங்கள் பக்கத்துத் தேரியில், அதாவது இளகிய செம்மணலில், எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றினேன். ட்ரம் சுழல்வதற்காக ஹேண்ட்பிரேக்கை விடுவித்திருந்தேன், முன்சக்கரத்துக்குக் கல்லும் வைக்கவில்லை. ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து வண்டி சரிந்தபோது, என் கை வெளியே இருந்தது தெய்வாதீனம். அன்றிலிருந்து ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, முதல் கியர், தூக்கியபின் உறுதியான ஸ்டாண்ட் என்று எல்லாம் முடித்தபிறகே கை வைக்கிறேன். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது, வீல் நட்டுகளைத் தளர்த்திக்கொள்வது நல்லது.

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர்:

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ட்ரம்மின் உட்புறத்தையும் ஷூவையும் துடைத்தேன். மறுநாள் வண்ணார்பேட்டையில் பிரேக் பிடித்தபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. எண்ணெய் ஊறிய ஷூவைக் காயவைத்துப் பயனில்லை என்று பட்டறையில் சொல்லி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் புதிது போட்டார்கள். மண்ணெண்ணெய் அங்குள்ள ரப்பர் பாகங்களையும் உப்பச்செய்து கெடுக்கும்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:

இருவருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். எல்லாம் மாட்டியபின், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்துப் பாருங்கள். முதலில் தெருவுக்குள்ளேயே மெதுவாக உருட்டி, இரண்டு மூன்று முறை நிறுத்திப் பார்த்தபிறகு பெருஞ்சாலைக்கு எடுங்கள். பெடல் பஞ்சுபோல அமுங்கினால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.