பேசாப் படங்களில் எல்லோரும் ஓடுவதுபோல் நடப்பது ஏன்?

கேள்வி (தக்கலையிலிருந்து):
மலையாளத்தின் முதல் பேசாப்படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே. சி. டேனியல் தம் கடைசிக் காலத்தை நம் அகஸ்தீஸ்வரத்தில் கழித்தவர் என்பதால், அக்காலப் படங்களைத் தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றில் எல்லோரும் விறுவிறுவென்று நடக்கிறார்களே, அப்படித்தான் எடுத்தார்களா?

பதில் 1 (நாகர்கோவில்):
இல்லை, அண்ணாச்சி. கேமராவின் கைப்பிடியைக் கையால் சுழற்றிப் படச்சுருளை ஓட்டியதால், நொடிக்குச் சுமார் 16 முதல் 20 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) பதிவாகின. ஒலியைப் படச்சுருளின் ஓரத்திலேயே பதித்தபோது வேகம் சற்றே மாறினாலும் குரல் கெட்டுவிடும் என்பதால், 24 என்ற நிலையான வேகம் வந்தது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால், வாசலைக் கடக்க ஆறு நொடி எடுத்தவர் நாலே நொடியில் கடந்துவிடுவார்.

பதில் 2 (குளச்சல்):
ஒரு திருத்தம்: திரையிடுபவரும் பல இடங்களில் கையால்தான் சுழற்றினார், ஆகவே ‘சரியான’ வேகம் என்று ஒன்றைச் சொல்வது கடினம். டேனியல் படத்தின் பிரதி கிடைக்கவில்லை. 1933இல் வந்த இன்னொரு மலையாளப் பேசாப்படமான ‘மார்த்தாண்ட வர்மா’ புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பிளேயரில் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துப் பார்த்தேன், நடை இயல்பாகிவிட்டது.