மெழுகுப் புழுவில் வளர்க்கும் நூற்புழு: சிவப்பு மங்கி, நாற்றம் அடிக்கிறது. உள்ளே இருக்கும் பாக்டீரியா போய்விட்டதா?

கரும்புத்தோட்டம் கேட்டது:

பூச்சியைக் கொல்லும் ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா நூற்புழு. மெழுகு அந்துப்பூச்சியின் கடைசிப் பருவப் புழுக்களில் வளர்ப்பு. 9 செ.மீ. பெட்ரி தட்டு, அடியில் வடிதாள், தட்டுக்கு 10 புழு, ஒரு புழுவுக்கு 400 ஐஜே (தொற்றும் இளம்புழு), தண்ணீர் 2 மி.லி., வெப்பம் 28 டிகிரி.

முதல் சுற்றுகளில் 48 மணி நேரத்துக்குள் எல்லாமே செத்துச் செங்கல் நிறமாகிவிடும். ஒன்பதாவது சுற்றில் பத்துக்கு நான்கு கறுத்து, தொட்டால் நீர் கசிகிறது, நாறுகிறது. மூன்று சிவப்புதான், ஆனால் கூழாகக் குழைகிறது. ஒயிட் ட்ராப்பில் (சடலத்திலிருந்து வெளிவரும் ஐஜேவைத் தண்ணீரில் சேகரிக்கும் தட்டு) புழுவுக்கு ஒன்றரை லட்சம் ஐஜே இறங்கியது இப்போது 20 ஆயிரம்.

1) நூற்புழு தன் உடலுக்குள் சுமந்து வந்து பூச்சியைக் கொல்லும் ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாவை அது தொலைத்துவிட்டதா? 2) பிரித்தெடுத்து மறுபடி சேர்க்க முடியுமா? 3) பாக்டீரியாவை மட்டும் வளர்த்து வேர்ப்புழுவுக்கு ஊற்றினால் என்ன?

---

தட்டும்_ஊசியும்:

தொலையவில்லை, பங்குக்கு வேறு பாக்டீரியா புகுந்துவிட்டது. முதலில் எது எது என்று பிரியுங்கள்.

சரியான சடலம் நாறாது. ஃபோட்டோராப்டஸ் சுரக்கும் ஸ்டில்பீன் வகை நுண்ணுயிர்க்கொல்லி மற்ற பாக்டீரியாக்களை அண்டவிடாது. சிவப்பு நிறம் ஆந்த்ராகுவினோன் நிறமியால் வருவது. அப்படிப்பட்ட புழு தொளதொளவென்று இருக்கும், ஆனால் தோல் கிழியாது. உள்ளே பசை மாதிரி இருக்கும், நீராக ஓடாது. கறுத்து நாறுவது வேறு பாக்டீரியா.

உங்களை ஏமாற்றுவது அந்த மூன்று சிவப்புப் புழு. செர்ரேஷியா என்ற வேறு பாக்டீரியாவும் சிவப்புதான்! நிறத்தை நம்பாதீர்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். செத்த இரண்டாம், மூன்றாம் நாள் சடலங்களை முழு இருட்டறைக்குக் கொண்டுபோய், கண் பழக 10-15 நிமிடம் உட்காருங்கள். ஃபோட்டோராப்டஸ் இருந்தால் மங்கலான பச்சை ஒளி தெரியும். நிலத்தில் வாழும் ஒளிரும் பாக்டீரியா இது ஒன்றுதான், செர்ரேஷியா ஒளிராது. கைபேசியில் சாதாரணமாகப் படம் எடுத்தால் ஒன்றும் விழாது, ஒளிரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

காரணம் உங்கள் அளவிலேயே இருக்கிறது. புழுவுக்கு 400 ரொம்ப அதிகம். ஐஜே பெரும்பாலும் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை வழியாக நுழைந்து குடல் சுவரையோ மூச்சுக்குழலையோ துளைத்து இரத்தத்துக்குப் போகிறது. நூற்றுக்கணக்கில் குடலைத் துளைத்தால் அதிலுள்ள குப்பை பாக்டீரியாவும் கூடவே கசிந்து உள்ளே போகும். பிழைத்த நூற்புழுக்களுக்கும் இடநெருக்கடி. 50 முதல் 100 போதும். தண்ணீர் 1 மி.லி.க்கு மேல் வேண்டாம்; தாள் ஈரமாக இருக்கவேண்டும், தட்டைச் சாய்த்தால் நீர் ஓடக்கூடாது.

---

நுண்ணோக்கி:

பிரித்தெடுப்பது பற்றி.

ஐஜேவை நசுக்கி எடுப்பதைவிடப் புழுவின் இரத்தத்தில் எடுப்பது சுத்தம். தொற்றவைத்து 24-30 மணி ஆனதும், அப்போதுதான் செத்த புழுவை எடுத்து 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம் முக்கி உலர விடுங்கள். சுடரில் காட்டிய கத்தரியால் வயிற்றுக்கால் ஒன்றை நுனியில் வெட்டினால் ஒரு சொட்டு வரும். அதை வளையத்தில் தொட்டு என்பிடிஏ தட்டில் கோடிழுங்கள். கத்தரி ஆழமாகப் போய்க் குடல் அறுந்தால் அந்தப் புழுவைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கவும்.

என்பிடிஏ என்பது ஒரு லிட்டர் நியூட்ரியன்ட் அகாரில் புரோமோதைமால் புளூ 25 மி.கி., டிடிசி (டெட்ராசோலியம் உப்பு) 40 மி.கி. டிடிசியை ஆட்டோகிளேவில் போடாதீர்கள். தனியாக 1 சதவீதக் கரைசல் செய்து வடிகட்டி, அகார் 50 டிகிரிக்கு ஆறியதும் 4 மி.லி. சேருங்கள். வெளிச்சம் பட்டால் கெடும், தட்டுகளை ஃபாயிலில் சுற்றிவைக்கவும்.

28 டிகிரியில் 48 மணி நேரம். ஃபோட்டோராப்டஸுக்கு இரண்டு வடிவம் உண்டு. சாயத்தை உறிஞ்சிப் பச்சை சாய்ந்து, பளபளப்பாக மேடிட்டு நிற்பது முதல்நிலை. சாயம் உறிஞ்சாமல் சிவந்து தட்டையாக இருப்பது இரண்டாம்நிலை. தேவை முதல்நிலைதான். இரண்டாம்நிலை பூச்சியைக் கொல்லலாம், ஆனால் நூற்புழு அதைத் தின்று பெருகாது. இருட்டில் காலனி ஒளிர்கிறதா, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டைனர்னிமா என்ற வேறு நூற்புழுவின் கூட்டாளி பாக்டீரியாவான ஜீனோராப்டஸ் நுரைக்காது.

வாராவாரம் தட்டு மாற்றி மாற்றி வளர்த்தால் தானாகவே இரண்டாம்நிலைக்குப் போய்விடும். கிடைத்த அன்றே 20 சதவீத கிளிசராலில் கலந்து மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள்.

கையுறை போடவும். இதே பேரினத்தில் ஃபோட்டோராப்டஸ் அசிம்பயோட்டிகா மனிதருக்குப் புண்தொற்று உண்டாக்கியது ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. உங்களுடையது அது இல்லை, ஆனாலும் ஊசி கையில் ஏறவேண்டாம்.

---

வேரடிமண்:

பிரிக்கிறது சரி, ஆனா மறுபடி சேர்க்கிறது நினைக்கிற மாதிரி இல்ல. ஐஜேவை பாக்டீரியாக் கரைசல்ல ஊறப்போட்டா ஒன்னும் ஏறாது. அதுக்கு அந்தப் பருவத்துல வாயும் மூடி, ஆசனவாயும் மூடி, பழைய தோல் ஒன்னு உறை மாதிரி மேல கிடக்கும்.

பாக்டீரியா ஏறுறது அம்மாகிட்ட. சடலத்துக்குள்ள இருக்கிற தாய் நூற்புழுவோட குடல் கடைசியில பாக்டீரியா ஒட்டும், அங்கேருந்து மலக்குடல் சுரப்பி செல்லுக்குள்ள நுழைஞ்சு பெருகி, செல் வெடிச்சு உடம்புக்குள்ள பரவும். குஞ்சுங்க தாய் வயித்துக்குள்ளேயே பொரிச்சு, தாயையே தின்னு வளர்றப்போ அத வாங்கிக்கும். அந்த நேரத்துல சடலத்துல செர்ரேஷியா மண்டியிருந்தா தாய்க்கே தீனி சரியில்ல, அப்புறம் குஞ்சு எங்கேருந்து? உங்க 20 ஆயிரம் கணக்கு அதுதான்.

அதனால இப்போதைக்கு வெளியழுக்கைக் கழுவுங்க, போதும். ஐஜேவை 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்ல 5 நிமிஷம் வச்சு, கொதிக்கவச்சு ஆறின தண்ணில மூணு தடவை படியவிட்டு வடிங்க. உள்ள இருக்கிற பாக்டீரியாவுக்கு ஒன்னும் ஆகாது. ஆனா உறைத்தோல் கழண்டுடும், அதனால சேமிச்சு வைக்காம அன்னைக்கே புதுப் புழுவுல விட்டுடணும். வர்ற சடலத்துல ஒளிர்றத மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை ஆட்டோகிளேவ் பண்ணிடுங்க. ரெண்டு சுற்றுல தெளிஞ்சுடும்.

ஒயிட் ட்ராப்புக்கும் அவசரப்படாதீங்க. அஞ்சாறு நாள் உலர்ந்த தட்டுல இருக்கட்டும். அப்புறம் ட்ராப்புல வச்சதும் சடலம் தண்ணியத் தொடாம ஈரத்தாள் மேல மட்டும் கிடக்கணும்.

---

தட்டும்_ஊசியும்:

மேலே சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கழுவினால் அழுக்கு போகும். ஆய்வகத்திலேயே பல சுற்று ஓட்டினால் நூற்புழுவின் வீரியமும் குறையும், அது கழுவிப் போகாது. மண்ணிலிருந்து புதிதாகப் பிடித்துக் கலப்பதுதான் மருந்து. கரும்பு வேரடி மண் 200 கிராம், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம், மூடியுள்ள டப்பாவில் 5 மெழுகுப் புழு போட்டுக் கவிழ்த்து வையுங்கள். ஐந்தாறு நாளில் சிவந்ததை எடுத்து இருட்டில் பாருங்கள். இந்த இனத்தை 1992-இல் முதன்முதல் விவரித்ததே கோயம்புத்தூரில் கிடைத்ததை வைத்துத்தான், எனவே நம் மண்ணில் தேடுவது வீண்வேலை இல்லை.

மூன்றாவது கேள்விக்கு: வேண்டாம். ஃபோட்டோராப்டஸால் தானாகப் பூச்சியின் இரத்தத்துக்குள் போக முடியாது. மண்ணில் தனியாக நிலைக்கவும் செய்யாது. ஊசி நூற்புழு, மருந்து பாக்டீரியா. மருந்தை மட்டும் தரையில் கொட்டி என்ன பயன்? அதன் டிசி வகை நச்சுகள் வாய்வழியாகவும் கொல்லும், ஆனால் அது நச்சைப் பிரித்தெடுத்துச் செய்யும் வேலை.

வயலுக்கு ஒரு ச.செ.மீ.க்கு 25 ஐஜே என்றால் ஏக்கருக்குச் சுமார் 100 கோடி. ஒன்றரை லட்சம் விளைச்சலில் அதற்கு 6,700 புழு வேண்டும். 20 ஆயிரத்தில் 50,000 புழு. வளர்ப்பைச் சரிசெய்யாமல் வயலைப் பற்றி யோசிக்கவே முடியாது.

---

கரும்புத்தோட்டம்:

நன்றி. இருட்டில் பார்த்ததில் பத்தில் மூன்றுதான் ஒளிர்கிறது, குழைந்த சிவப்பு ஒன்றுகூட இல்லை. கழுவி எடுக்கும் ஐஜேவைத்தான் உடனே விடவேண்டும், சரி. பிறகு தெளிந்து வருவதை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

---

வேரடிமண்:

4 டிகிரி ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, இண்டிகா வெப்பநாட்டுப் புழு, குளிர்ல செத்துடும். 15 டிகிரி. ஒரு மி.லி.க்கு ஆயிரம், ரெண்டாயிரம் ஐஜேக்கு மேல போகாம, ஃபிளாஸ்க்கப் படுக்க வச்சு தண்ணி ஒரு செ.மீ. ஆழத்துக்குள்ள இருக்கட்டும். நிமிர்த்தி வச்சா அடியில குவிஞ்சு மூச்சு முட்டிடும்.