பழைய டயரைப் படிச்சிட்டுப் புது டயர் வாங்குங்க: பெங்களூரு ஓட்டத்துக்கு எது தாங்கும்?

(இது சிலர் சேர்ந்து பேசின உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கிறது பேசுறவரோட புனைபெயர்.)

அல்சூர் ஏரிக்கரை

விலை கட்டுப்படியாகணும், மழையில பிடிக்கணும், நிறைய ஓடணும். டயர் கடைக்குப் போற எல்லாரும் கேட்கிறது இந்த மூணுதான். கடைக்காரர் ஒரு பிராண்ட் சொல்வாரு, நாமளும் தலையாட்டிட்டு வந்துடுவோம். அதுக்கு முன்னாடி கழட்டப் போற டயர் எப்படித் தேஞ்சிருக்குன்னு குனிஞ்சு பாருங்க. எந்த டயர் வாங்கணும்கிறதுக்குப் பாதி பதில் அதுலயே இருக்கு.

ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டை) இருந்தா, காத்து கம்மியா ஓடியிருக்கு. நடுவு மட்டும் தேஞ்சிருந்தா, காத்து அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகியிருந்தா அலைன்மென்ட் (சக்கரம் நிக்கிற கோணம்) கோளாறு. அங்கங்க குழி குழியா சாப்பிட்டிருந்தா ஷாக் அப்சார்பர் போயிருக்கும், இல்லன்னா பேலன்சிங் (சக்கரத்தைச் சுத்தி எடையைச் சமப்படுத்துறது) இல்லாம ரொம்ப நாள் ஓடியிருக்கும். இந்த நாலுல ஒண்ணு உங்க வண்டியில இருந்தா, எவ்வளவு விலை கொடுத்து எந்த டயர் போட்டாலும் அதே இடத்துல தேயும். முதல்ல கோளாறைச் சரி பண்ணணும். எல்லா இடத்துலயும் ஒரே சீரா தேஞ்சிருந்தா மட்டும் "அந்த டயர் இவ்வளவு ஓடுச்சு"ங்கிற கணக்கை நம்பலாம்.

ட்ரெட் (டயர்ல ரோட்டைத் தொடுற பாகம்) பள்ளத்துக்குள்ள குட்டிக் குட்டி மேடு இருக்கும், அதோட உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா சட்டப்படியே டயரோட ஆயுசு முடிஞ்சுது. ஆனா மழைக்கு அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. புது டயர்ல ஏறக்குறைய 7, 8 மி.மீ. ஆழம் இருக்கும். 3 மி.மீ.க்குக் கீழ போனதுமே தண்ணியை வெளியேத்துற சக்தி வேகமா குறையுது. வெயில்ல ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. அவுட்டர் ரிங் ரோடு அண்டர்பாஸ்ல தண்ணி தேங்கி நிக்கும்போது பிரேக் மிதிச்சாத்தான் தெரியும்.

மைசூர் ரோடு அலைன்மென்ட்

அல்சூர் அண்ணன் சொன்னதோட கையால பார்க்கிற ஒரு முறையையும் சேர்த்துக்கோங்க. முன் சக்கரத்தை முழுசாத் திருப்பி வெச்சிட்டு, உள்ளங்கையை ட்ரெட் மேல வெளியிலிருந்து உள்ளுக்கு ஒரு தடவை, உள்ளிருந்து வெளிக்கு ஒரு தடவை இழுங்க. ஒரு திசையில வழவழன்னும், மறு திசையில ரம்பப் பல்லு மாதிரி கீறிக்கிட்டும் வந்தா டோ கோணம் (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளுக்கோ வெளிக்கோ திரும்பியிருக்கிற அளவு) தப்பு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, கைக்குத் தெரியும். கம்பி வெளிய வந்திருக்கிற டயர்ல இப்படிக் கை வைக்காதீங்க, கிழிச்சிடும்.

நம்ம ஊர்ல ஹம்ப்பும் குழியும் அதிகம், அதனால 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை அலைன்மென்ட் பார்க்கிறது வீண் செலவு இல்ல. மெஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடி சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இணைப்புகளான டை ராடு எண்டு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட்ல ஆட்டம் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. ஆட்டத்தோட அலைன்மென்ட் பண்ணா, வெளிய போய் முதல் குழியில விழுந்ததும் கோணம் மாறிடும். சரி பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்த அளவு ரெண்டையும் பிரின்ட் கேட்டு வாங்குங்க. பெரும்பாலான சின்ன வண்டிகள்ல முன்பக்கம் டோ மட்டும்தான் திருகிச் சரி பண்ண முடியும். கேம்பருக்கு (முன்னாலிருந்து பார்த்தா சக்கரம் சாய்ஞ்சிருக்கிற அளவு) திருகே இருக்காது. கேம்பர் சிவப்புல காட்டினா ஏதோ வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். "அது அப்படித்தான் சார் காட்டும்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

ஒயிட்ஃபீல்டு டு சேலம்

நல்ல விவரம், நன்றி. என் வண்டிக்கு 165/80 ஆர்14. வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ், மாசம் ஒரு தடவை சேலம். 175/65 ஆர்14 மலிவா கிடைக்குது, ரிம்முலயும் உட்காரும்னு கடையில சொல்றாங்க. போடலாமா?

ஜே.சி. ரோடு

வேண்டாம் தம்பி. ரிம் அளவு ஒண்ணுங்கிறதால டயரோட மொத்த உயரமும் ஒண்ணாகிடாது. கணக்குப் போட்டுப் பாருங்க. 165 மி.மீ.ங்கிறது டயரோட அகலம், அதுல 80 சதவீதமான 132 மி.மீ. பக்கச் சுவரோட உயரம். மேலயும் கீழயும் சேர்த்து 264. ரிம் 14 அங்குலம்னா 355.6 மி.மீ. மொத்தம் ஏறக்குறைய 620. அதுவே 175/65 ஆர்14 போட்டா 583-தான் வரும். வண்டி 18 மி.மீ. கீழ இறங்கிடும், நம்ம ஏரியா ஹம்ப்புல அடி தட்டும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 94-தான் இருக்கும். ஓடோமீட்டரும் கூட்டியே காட்டும். உயர வித்தியாசம் 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும்.

அகலம் கூட்டணும்னா, அதே ரிம்முல 185/70 ஆர்14 ஏறக்குறைய 615 வருது, வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கம்மி. மழையில பிரேக் பிடிக்கும்போதும் வளைவுலயும் தெம்பா இருக்கும். மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும், ஸ்டீயரிங் லேசா கனக்கும். ரிம் எத்தனை ஜேன்னு (அங்குலத்துல ரிம்மோட அகலம்) உள்பக்கம் அச்சுல இருக்கும், அதைப் பார்த்துட்டுப் போடுங்க. நகரத்துக்குள்ள மட்டும் ஓடுற வண்டின்னா கம்பெனி அளவையே போட்டுக்கலாம்.

அளவுக்குப் பக்கத்துல 85டி, 88ஹெச் மாதிரி இருக்கிறதையும் விட்டுடாதீங்க. 85-ன்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88-ன்னா 560 கிலோ. டி-க்கு மணிக்கு 190 கி.மீ. வரை, ஹெச்-க்கு 210. கம்பெனி கொடுத்த எண்ணுக்கு மேல போகலாம், கீழ மட்டும் இறங்கக் கூடாது. அஞ்சு பேரு, டிக்கி நிறைய சாமான்னு கிருஷ்ணகிரி வெயில்ல போகும்போது அந்த எண்ணுக்கு வேலை வரும்.

எலக்ட்ரானிக் சிட்டி கேப்

பிராண்ட் பேச்சுக்கு வருவோம். ஒரே கம்பெனியிலயே ரெண்டு குணத்துல டயர் வருது. நிறைய ஓடுறதுக்குன்னு செய்யிற வரிசையில அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் எக்ஸ்3, பிரிட்ஜ்ஸ்டோன் ஸ்டர்டோ, குட்இயர் டியூராப்ளஸ் 2, ஜேகே டாக்ஸிமேக்ஸ் எல்லாம் வரும். மழைப் பிடிப்பையும் சொகுசையும் முன்னால வெக்கிற வரிசையில குட்இயர் டிரிபிள்மேக்ஸ் 2, சியட் செக்யூராடிரைவ், அப்போலோ அல்னாக் 4ஜி, மிஷலின் எக்ஸ்எம்2 பிளஸ் இதெல்லாம் வரும். டாக்ஸிக்காரங்க முதல் வரிசையை எடுக்கிறது கஞ்சத்தனத்துல இல்ல. ஒரு கி.மீ.க்கு எத்தனை பைசான்னு பார்க்கிறாங்க. உதாரணத்துக்கு 5,000 ரூபா டயர் 40,000 கி.மீ. ஓடினா கி.மீ.க்கு 12.5 பைசா. 6,200 ரூபா டயர் 60,000 ஓடினா 10.3 பைசாதான். விலைச் சீட்டை மட்டும் பார்த்தா முதல் டயர்தான் மலிவாத் தெரியும்.

அல்சூர் ஏரிக்கரை

கணக்கு சரிதான் சார், ஆனா அதுல பிரேக் தூரம் வரலையே. சீக்கிரம் தேயாத ரப்பர் பொதுவா கெட்டியா இருக்கும், ஈரத்துல தார் மேல ஒட்டுறது கொஞ்சம் கம்மி. சிலிக்கா கலந்த கலவை ஈரத்துல நல்லாப் பிடிக்கும். தேய்மானம், ஈரப் பிடிப்பு, உருளும்போது வர்ற இழுவை, இந்த மூணையும் ஒரே டயர்ல உச்சத்துக்குக் கொண்டு வர்றது எந்தக் கம்பெனிக்கும் கஷ்டம். ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணு விட்டுக் கொடுக்கும்.

வருஷத்துக்கு 8,000, 10,000 கி.மீ.தான் ஓட்டுவீங்கன்னா ஒரு லட்சம் கி.மீ. ஓடுற டயர் உங்களுக்கு எதுக்கு? பட்டன் தேயறதுக்கு முன்னாடி ரப்பர் வயசாகி இறுகிடும். அஞ்சாறு வருஷம் ஆனதும் பக்கச் சுவர்ல மயிரிழை வெடிப்பு வர ஆரம்பிக்கும். அப்படி ஓட்டுறவங்களுக்கு மழைப் பிடிப்பு வரிசைதான் லாபம். மாசம் 3,000 கி.மீ.க்கு மேல போற வண்டிக்கு நீங்க சொன்ன வரிசை நியாயம். தம்பியோட ஓட்டத்துக்கு நான் ரெண்டாவது வரிசையைத்தான் சொல்வேன். ஏப்ரல், மே கோடை மழையில முதல் பத்து நிமிஷம், ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் தண்ணியும் கலந்து கிடக்கும்போது, இந்த ஊர்ல வழுக்குற மாதிரி வேற எப்பவும் வழுக்காது.

சில டயர்ல ட்ரெட்வேர் 340, டிராக்ஷன் ஏன்னு பக்கத்துல அச்சு இருக்கும். அந்தத் தேய்மான எண்ணை அந்தந்தக் கம்பெனியே சோதிச்சுப் போடுது. ஒரே கம்பெனியோட ரெண்டு டயரை ஒப்பிட உதவும். வேற வேற கம்பெனியை அதை வெச்சு எடை போடாதீங்க. டிராக்ஷன் எழுத்து ஈர ரோட்டுல நேரா பிரேக் பிடிக்கிறதுக்கு மட்டும்தான், வளைவுக்கு இல்ல.

ஜே.சி. ரோடு

கடையில நிக்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

டயர் மாட்டுறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க. பக்கச் சுவர்ல டாட் (DOT)னு ஆரம்பிக்கிற வரியோட கடைசி நாலு எண், உதாரணமா 2325-ன்னா 2025-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். முழு எண்ணும் பல டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் அச்சாகும். அந்தப் பக்கம் உள்ளுக்குப் போயிட்டா அப்புறம் வண்டிக்கு அடியில போன் கேமராவை நீட்டித்தான் படிக்கணும். ஆறு மாசத்துக்குள்ள வந்த சரக்கைக் கேளுங்க. நாலுலயும் ஒரே காலகட்டம் இருக்கணும். "ஆஃபர்"ல கொடுக்கிறது ஒண்ணரை, ரெண்டு வருஷச் சரக்கா இருந்தா, அந்தத் தள்ளுபடி உங்களுக்கு வந்த லாபம் இல்ல.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து புது கார் டயருக்கு 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. பழைய விலைப்பட்டியலைக் காட்டித் தள்ளுபடி கொடுத்தா எந்த விலையிலிருந்துன்னு கேளுங்க. பில்லுல நாலு டயரோட சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்க, இல்லன்னா வாரன்டி கேட்கப் போகும்போது தகராறு வரும்.

ரப்பர் வால்வு புதுசா போடச் சொல்லுங்க. சின்னச் செலவுதான். பழைய வால்வு அடியில வெடிச்சா, புது டயர் காத்தில்லாம ஓடிப் பாழாகும். பேலன்சிங் பண்ணி எடை ஒட்டினதும் இன்னொரு தடவை சுத்தி ரெண்டு பக்கமும் பூஜ்யம் வருதான்னு நீங்களே பாருங்க. 80-லிருந்து 100 வேகத்துல ஸ்டீயரிங் நடுங்கினா பெரும்பாலும் அது இங்க விட்ட குறைதான். நட்டைக் காத்துத் துப்பாக்கியால கடைசி வரைக்கும் இறுக்க விடாதீங்க. கையில டார்க் ஸ்பேனர் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) வெச்சு முடிக்கணும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினா, ராத்திரி ஹைவேல பஞ்சரானா வண்டியில இருக்கிற ஸ்பேனருக்கு நட்டு அசையாது. 50, 100 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை சரி பாருங்க.

ரெண்டு டயர்தான் வாங்க முடியும்னா, புதுசு ரெண்டும் பின்னாடி. முன்சக்கர இழுவை வண்டியா இருந்தாலும் பின்னாடிதான். முன்னாடி வழுக்கினா வண்டி நேராப் போகப் பார்க்கும், ஆக்சிலேட்டரை விட்டு ஓரளவு சமாளிக்கலாம். பின்னாடி வழுக்கினா வண்டியே சுத்திடும். கடையில பலபேரு இதைத் தலைகீழா செய்வாங்க, நீங்க வற்புறுத்திச் சொல்லுங்க.

செகண்ட் ஹேண்ட் டயர் பக்கமே போகாதீங்க. மொட்டை டயர்ல சூடான கத்தியால பள்ளம் கீறி, கறுப்பு மை பூசி வெப்பாங்க. பள்ளத்துக்குள்ள இருக்க வேண்டிய அந்த 1.6 மி.மீ. மேடு அதுல அறுபட்டிருக்கும். அதைத் தேடிப் பாருங்க.

மைசூர் ரோடு அலைன்மென்ட்

மாட்டினதுக்கு அப்புறம் 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை ரொட்டேஷன், அதாவது டயர்களை இடம் மாத்துறது. முன்சக்கர இழுவை வண்டிக்கு முன்னாடி ரெண்டும் நேரா பின்னாடி போகும், பின்னாடி ரெண்டும் இடம் வலம் மாறி முன்னாடி வரும். பக்கத்துல அம்புக்குறி போட்ட டயரா இருந்தா இப்படிக் குறுக்கே மாத்தக் கூடாது. அதே பக்கத்துலயே முன்னும் பின்னும் மட்டும் மாத்தணும்.

குழியில அடி வாங்கி பக்கச் சுவர் ஒரு இடத்துல உப்பினா, உள்ள நூல் அறுந்திடுச்சு. அதுக்கு ஒட்டு கிடையாது, அன்னைக்கே மாத்தணும். ட்ரெட் நடுவுல ஆணி ஏறின ஓட்டை 6 மி.மீ. வரைக்கும் இருந்தா காளான் பிளக் (காளான் வடிவ ரப்பர் அடைப்பு) போட்டு உள்ளிருந்து அடைக்கலாம்.

ஒயிட்ஃபீல்டு டு சேலம்

அப்போ 185/70 ஆர்14, மழைப் பிடிப்பு வரிசை, ஆறு மாசத்துக்குள்ள வந்த சரக்கு. காத்து எவ்வளவு அடிக்கணும்? சேலம் போகும்போது குறைக்கணுமா?

எலக்ட்ரானிக் சிட்டி கேப்

குறைக்கவே கூடாது தம்பி. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும். கம்மி லோடு, முழு லோடுன்னு ரெண்டு அளவு போட்டிருப்பாங்க. அந்த எண் குளிர்ந்த டயருக்கு. காலையில கிளம்பறதுக்கு முன்னாடி, ரெண்டு கி.மீ.க்கு மேல ஓட்டாம அடிக்கணும். பங்க் மீட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போறதில்ல, ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் வண்டியிலயே வெச்சுக்கோங்க.

வெப்பம் 5, 6 டிகிரி ஏறினா காத்தழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (காத்து அளக்கிற அலகு) ஏறும். இங்க விடியக்காலை 18 டிகிரியில அடிச்சது, தர்மபுரி தாண்டும்போது ரோட்டுச் சூட்டுலயும் ஓட்டச் சூட்டுலயும் நாலஞ்சு கூடிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காத்தை இறக்கிட்டா, தொப்பூர் கணவாய் இறக்கத்துல, முழு லோடுல, ஓரங்கள் மடங்கிச் சூடேறும். டயர் வெடிக்கிறதுக்குக் காத்து கம்மிதான் பெரிய காரணம். நைட்ரஜன் காசு கொடுத்து அடிச்சாலும் இதே கணக்குதான், சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் அதுதான் இருக்கு. வாரம் ஒரு தடவை பாருங்க. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்க, அதோட தேதியையும்.