மறு: நுழைவு வளைவு நிதி, தலைக்கு 10,000

அண்ணன்மாருக்கும் சிங்கப்பூர் சித்தப்பாவுக்கும் வணக்கம்.

ஊருக்கு நுழைவு வளைவு கட்ட நாம் தலைக்கு 10,000 போடணும், மீதியை ஜவ்வரிசி மில் கம்பெனி போடும், வளைவில் அவர்கள் பெயர் வரும் என்று மடல் வந்தது. படித்ததும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் ஊருக்குப் போய் வந்ததில் மனசு மாறிவிட்டது.

அத்தைக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி, வெள்ளை ரோஸ் ரகம். நடவுக் குச்சியும் உரமும் கம்பெனி கடனாகக் கொடுத்தது, அதனால் கிழங்கும் அங்கேதான் போகணும். 8 டன் லோடோடு நானும் வண்டியில் ஏறிப் போனேன். மில் வாசலிலேயே திப்பி நாற்றம், மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. (நமக்கு அதுதானே ஊர் வாசனை. களத்தில் காயும் ஜவ்வரிசியை மிதித்துவிட்டு அடி வாங்காதவர் யார் இந்தக் குழுவில்?)

மேலாக நாலு கிழங்கை உருவி, மண் தட்டி, 5 கிலோ நிறுத்தார்கள். அப்புறம் அதே கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி இன்னொரு தடவை. மாவு கூடினால் தண்ணீருக்குள் எடை கூடும், அந்த மாவு அளவுக்குத்தான் பாயின்ட் என்று பெயர். முள் எங்கே நின்றது என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் கூடையைத் தூக்கிவிட்டார்கள். "25" என்றார் அந்த ஆள். அத்தை வாயே திறக்கவில்லை. ஒட்டின காட்டுக்காரர், அதே ரகம், முந்தின நாள் வேறு மில்லில் 28 வாங்கியிருக்கிறார். ஒரு டன்னுக்கு, ஒரு பாயின்டுக்கு 300 ரூபாய் என்று பேச்சு. 3 பாயின்ட், 8 டன், 7,200 ரூபாய். திருப்பி ஓட்டி வர முடியுமா? பிடுங்கின கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் ஓடிவிடும்.

கம்பெனியைத் திட்ட எழுதவில்லை. மாவுப்பூச்சி விழுந்து குருத்தெல்லாம் சுருண்டபோது, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் பூச்சியை அழிக்க ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குளவியை விட்டார்களே, அந்தக் காலத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் பொறுத்தது இவர்கள்தான். என் காலேஜ் ஃபீஸும் அவர்கள் முன்பணம்தான், மறைப்பானேன்.

துபாய் மாமா, சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர்ப்பக்கம், ஒரு வளைவுகூட இல்லையா என்கிறீர்கள். பெருமை சரிதான். குறியீடு ஜவ்வரிசிக்கு மாமா, அத்தையின் கிழங்குக்கு இல்லை. 1981இல் ஆரம்பித்த ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கம் சேகோசர்விலும் உறுப்பினர்கள் மில்காரர்கள்தான். அத்தை அங்கே போய் யாரிடம் என்ன கேட்பார்?

நம் பணத்தில் பாயின்ட் பார்க்கும் தராசு ஒன்று வாங்கிப் பால் சொசைட்டித் திண்ணையில் வைப்போம். வண்டி கிளம்புமுன் நாமே பார்த்து எழுதிக்கொண்டு போனால், அங்கே குறைத்துச் சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும். மழைக்கு நிஜமாகவே பாயின்ட் இறங்கியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும், மில்லைச் சும்மா சந்தேகப்பட வேண்டாம்.

சித்தப்பா, முன்பு வசூல் பண்ணின தேர்க் கொட்டகைப் பணத்துக்குக் கணக்குக் கேட்டு நாலாவது மடல் போட்டிருக்கிறீர்கள். ரசீதுப் புத்தகம் பெரியண்ணன் வீட்டுப் பீரோவில் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன். 11 அடிக்கட்டையில் தொகையே எழுதவில்லை. அதை அவரே சொல்லட்டும், நான் அவர் வீட்டில் சாப்பிட்டு வந்தவன்.

என் 10,000 தராசுக்கு. வளைவுக்கு ஒரு ரூபாய் கிடையாது. அத்தைக்கு இன்னும் இரண்டு லோடு பிடுங்க வேண்டியிருக்கிறது, தை முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள்.

மேட்டுத்தெருக்காரன்,
மஸ்கட்