எடையிலிருந்து கனஅளவு: உங்களுக்கு எங்கே கைகொடுத்தது?

நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய நகை வந்தால் உரைகல்லில் தேய்ப்பதற்கு முன்பே தண்ணீரில் முக்கிப் பார்த்துவிடுவேன். உரைகல் மேல்தோலைத்தான் சொல்லும். தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, நகையை நூலில் கட்டி, அடியிலோ ஓரத்திலோ படாமல் முழுசாக இறக்க வேண்டும். ஏறுகிற கிராம்தான் நகையின் கன சென்டிமீட்டர்.

போன ஆடியில் ஒரு அம்மா பாட்டி காலத்துக் காப்பு கொண்டுவந்தார். எடை கச்சிதமாக 5 பவுன், 40 கிராம். 916 தங்கத்தின் அடர்த்தி, கலந்தது செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்து 17.6 முதல் 18 வரை. 40-ஐ வகுத்தால் 2.2, 2.3 வர வேண்டும். தராசில் 3.1! அந்த அம்மாவுக்கு முகமே வெளிறிவிட்டது. உரசினால் தங்கம் சுத்தம். அப்போதே புரிந்துவிட்டது, உள்ளே அரக்கு. ஒரு கிராம் அரக்கே கிட்டத்தட்ட 0.9 கன செ.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும். சூடுகாட்டி எடுத்தோம், ஒரு கிராம் சொச்சம்தான். மீதி அத்தனையும் தங்கம்.

சங்கிலி என்றால் கண்ணிக்குள் காற்றுக் குமிழி நிற்கும், தண்ணீரில் துளி சோப்பு விடுங்கள். 24 கேரட் கட்டிக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். தங்கம் 19.3, போலிக் கட்டிக்குள் வைக்கிற டங்ஸ்டன் உலோகம் 19.25. வித்தியாசம் தெரியவே தெரியாது.

———

அண்ணே, எங்களுக்குக் கட்டடக் கம்பியில் இதே கதை. முறுக்குக் கம்பியில் வரி இருப்பதால் வெர்னியர் வைத்து விட்டம் பார்ப்பது வீண். சைட்டில் இறங்கிய 12 மி.மீ. கம்பியில் ஒரு மீட்டர் வெட்டி நிறுத்தேன், 790 கிராம். இரும்புக் கம்பியின் அடர்த்தி 7.85-ஆல் வகுத்தால் 100.6 கன செ.மீ. நீளம் 100 செ.மீ., ஆக குறுக்குப் பரப்பு 1 சதுர செ.மீ. தான். 1.13 இருக்க வேண்டும். அதாவது கம்பி 11.3 மி.மீ. மீட்டருக்கு 888 கிராம், 5 சதவீதம் வரை முன்னே பின்னே போகலாம் என்பது கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786. இது 11 சதவீதம் குறைவு. லோடு அப்படியே திரும்பிப் போனது. மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பார்க்க எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிற ‘விட்டத்தின் வர்க்கம் வகுத்தல் 162’கூட இந்த 7.85-லிருந்து வந்ததுதான்.

———

சுவாமிமலைப் பக்கம் சிலை வார்க்கிறவர்கள் கனஅளவை அளப்பதே இல்லை. மெழுகுச் சிலையை நிறுத்து, அதைப்போல எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் எடுத்து உருக்குவார்கள். அச்சுக்குள் மெழுகு உருகிப்போன இடத்தில்தான் உலோகம் நிறையும்; மெழுகின் அடர்த்தி ஒன்றுக்குப் பக்கம், வெண்கலம் எட்டரைக்கு மேல். அச்சில் உலோகம் ஊற்றுகிற வாய்க்காலில் தங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும். பாதியில் உலோகம் தீர்ந்தால் அச்சையும் உடைத்து, மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.