விடுதியா, வெளி வீடா: மாத வாடகையை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும்

கணக்கு போடுகிறவர்:

கல்லூரி விடுதிக் கட்டணத்தையும் வெளி வாடகையையும் மாதத்துக்கு மாதம் வைத்துப் பார்ப்பதுதான் முதல் தப்பு. விடுதிக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் வகுப்பு நடக்கும் ஒன்பது, பத்து மாதத்துக்கு. வெளியே ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு என்றால், விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை ஓடும்.

எந்தப் பணத்துக்கும் பொருந்துகிற மாதிரி, வெளி வீட்டில் ஒருவர் பங்கு மாதம் 100 என்று வைத்துக்கொள்வோம். விடுதி மாதம் 130. கரண்ட், தண்ணீர், இணையம், கட்டில், மேசை எல்லாம் அதில் அடக்கம். பார்வைக்கு வெளியே 30 மிச்சம். வருஷத்துக்குப் போடுங்கள்: விடுதி 130 × 9 = 1170. வெளியே 100 × 12 = 1200. ஒரு சுவிட்சைக்கூடப் போடவில்லை, அதற்குள் 30 கூடிவிட்டது.

இனி மற்றவை. கரண்ட், தண்ணீர், இணையம் மாதம் 15 வீதம் ஒன்பது மாதம் 135. ஆள் இல்லாத மூன்று மாதமும் நிலையான கட்டணம் வரும், அது 5 வீதம் 15. கட்டில், மெத்தை, மேசை 120-க்கு வாங்கி 40-க்கு விற்றால் நஷ்டம் 80. புரோக்கர் கமிஷனும் சாமான் ஏற்றி இறக்கும் கூலியும் சேர்த்து 60. மாதம் 22 நாள் வகுப்பு என்றால் போக வர 44 பயணம். ஒரு பயணம் 0.25 என்றால் மாதம் 11, ஒன்பது மாதம் 99. எல்லாம் சேர்த்து 1589.

எண்களை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எந்தச் செலவையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அந்த ஆளில்லாத மாதமும் பழைய கட்டிலை விற்கிற நஷ்டமும்தான். அட்வான்ஸை இதில் சேர்க்கவில்லை. அது திரும்பி வரும் பணம் (வரவேண்டிய பணம் என்பதே சரி). ஆனால் முதல் நாளே கையில் இருந்தாக வேண்டும்.


மாற்றிப் பார்க்கிறவர்:

மேலே உள்ள கணக்கு முதல் வருஷத்துக்குச் சரி. இரண்டாம் வருஷமும் அதே வீட்டில் இருந்தால் அந்த 80-உம் 60-உம் மறுபடி வராது, 1449-க்கு இறங்கும். விடுமுறை மூன்று மாதத்துக்கு வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டு மாதம் 60 வாங்க முடிந்தால் 180 குறைந்து 1269. கல்லூரிக்கு நடந்தே போகிற தூரம் என்றால் பயணச் செலவு 99-உம் இல்லை. மீதி 1170. விடுதிக் கட்டணமும் அதுவேதான்!

ஆக, வெளி வீடு லாபமாவது வாடகை குறைவால் மட்டும் அல்ல. நீண்ட நாள் தங்குவது, காலி மாதத்தை நிரப்புவது, தூரம் ஆகிய மூன்றும் கைகொடுக்க வேண்டும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: பக்கத்தில் உள்ள வீட்டுக்கு வாடகையே கூடுதலாக இருக்கும். உள்வாடகைக்கு வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி ஆளை வைத்தால், ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி அட்வான்ஸில் கை வைக்க இடம் கொடுத்ததாகிவிடும்.


ஒப்பந்தம் படிக்கிறவர்:

நான்கு பேர் சேர்ந்து 400-க்கு வீடு எடுத்தால் ஆளுக்கு 100. நடுவில் ஒருவர் படிப்பை விட்டோ, சண்டை போட்டோ போய்விட்டால் மீதி மூவருக்கும் ஆளுக்கு மாதம் 133 ஆகும், அதாவது 33 கூடுதல். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தால் மொத்தத்தில் ஆளுக்கு ஏறக்குறைய 133 கூடுதல். விடுதியில் இந்த ஆபத்து இல்லை. பக்கத்துக் கட்டில் காலியானால் அது நிர்வாகத்தின் கவலை.

எனவே கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியது இதுதான்: எல்லோரும் சேர்ந்து முழு வாடகைக்கும் பொறுப்பா, இல்லை ஒவ்வொருவரும் தன் அறைக்கு மட்டும் தனி ஒப்பந்தமா? தனி ஒப்பந்தம் கொஞ்சம் விலை கூடினாலும் முன்பின் தெரியாதவர்களோடு சேரும்போது அதுவே நல்லது. கூட்டு ஒப்பந்தம்தான் கிடைக்கிறது என்றால், நான்கு பேரும் தங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: போகிறவர் மாற்று ஆளைக் கொண்டுவர வேண்டும், அதுவரை அவர் பங்கு அவருடையது, அட்வான்ஸில் அவர் பங்கைப் புதிதாக வருபவர் கொடுக்க வேண்டும்.

விடுதிக்காரர்களும் ரத்து விதியைப் படிக்க வேண்டும். எந்தத் தேதிக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்ப வரும் என்பது அதில் இருக்கும். பருவம் தொடங்கிய பிறகு காலி செய்தால் பல இடங்களில் அந்தப் பருவத்துப் பணம் போனதுதான். ஒருமுறை வெளியேறினால் மறுபடி இடம் கிடைக்கும் வரிசையில் கடைசிக்குப் போகவும் நேரலாம்.


மீட்டர் பார்க்கிறவர்:

வெளி வீட்டில் திடீரென்று எகிறுவது கரண்ட் பில். 1500 வாட் அறை ஹீட்டர் தினம் 5 மணி நேரம் ஓடினால் 7.5 யூனிட், மாதம் 225. உபயோகம் ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிற இடத்தில், பல குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் எல்லோரும் சேர்ந்து மேல் விலைக்குப் போய்விடுவார்கள். குறைவாகச் செலவழித்தவருக்கும் அதே விலைதான். சப்மீட்டர் (ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனியாக வைக்கும் துணை மீட்டர்) இருந்தால் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் என்ன விலை போடுகிறார் என்று எழுதி வாங்குங்கள்.

வீடு பார்க்கப் போகும்போதே ஒரு சோதனை. எல்லா சுவிட்சையும் அணையுங்கள், பிளக்குகளைப் பிடுங்குங்கள், ஃபிரிட்ஜையும் சேர்த்து. மின்னணு மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், வேறு யாருடைய இணைப்போ, மாடிப்படி விளக்கோ, மோட்டாரோ உங்கள் மீட்டரில் ஓடலாம். அடுத்து, தண்ணீருக்குள் போடும் 1000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு மினுக்கலை எண்ணுங்கள். மீட்டர் முகப்பில் 3200 imp/kWh (யூனிட்டுக்கு 3200 மினுக்கல்) என்று அச்சிட்டிருந்தால் ஏறக்குறைய 53 வர வேண்டும். மின்னழுத்தத்தைப் பொறுத்து கொஞ்சம் முன்பின் இருக்கலாம். 80, 90 என்று போனால் கேள்வி கேளுங்கள்.

குடிபுகும் அன்று மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெரிய எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்பு இருந்தவர் பாக்கி உங்கள் தலையில் விழும். சுவர் ஓதம், ஒழுகும் குழாய், அடைத்த சாக்கடை, விரிசல் விட்ட சிங்க் எல்லாவற்றுக்கும் அன்றே படம் வேண்டும். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பது பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.


மெஸ் பில் பார்க்கிறவர்:

சாப்பாட்டை யாரும் தொடவில்லையே! விடுதியில் மெஸ் கட்டாயம் என்றால் கட்டணம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான். மாதம் 60 என்று வைத்தால், 90 வேளையும் சாப்பிடுகிறவருக்கு ஒரு வேளை 0.67. காலை தூங்கி, வார இறுதியில் வெளியே தின்று 54 வேளை மட்டும் சாப்பிடுகிறவருக்கு 1.11. அதற்கு மேல் வெளியே தின்ற செலவு தனி. ஒரு மாதம் உண்மையில் எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று காலண்டரில் கோடு போட்டுப் பாருங்கள்.

சாப்பிடாத நாளுக்குக் கட்டணத்தைக் கழித்துத் தரும் மெஸ்ஸாக இருந்தால், இத்தனை நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், தொடர்ந்து இத்தனை நாளாவது இல்லாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்ததற்கு ஒன்றும் கிடைக்காது.

வெளியே சமைப்பது மலிவு என்பது இரண்டு பேராவது சேர்ந்து முறை வைத்துச் சமைத்தால்தான். தனியாளுக்கு வாங்கிய காய்கறி பாதி அழுகும். அடுப்பு, குக்கர், ஃபிரிட்ஜ் செலவும் அவர் ஒருவர் தலையில்தான். தேர்வு வாரத்தில் எல்லோருமே கடைச் சாப்பாடு, அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு அப்புறம் 1589-ஐக் கூட்டுங்கள்.