அக்கா பையன் லைன்பேக்கர், ஃபிலிம் பாத்து என்ன சொல்றதுன்னு தெரியல, உதவுங்க

பட்டர்வொர்த்_தாய்மாமன்:

வணக்கம் எல்லாருக்கும். எங்க அக்கா கல்யாணமாகி டெக்சஸ் போய் 18 வருஷம் ஆச்சு, அவங்க மகன் இப்ப அங்க ஹைஸ்கூல் ஜூனியர் டீம்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறான், நடு லைன்பேக்கர், அதாவது டிஃபென்ஸ்ல முன்வரிசைக்குப் பின்னால நடுவுல நிக்கிறவன். வியாழக்கிழமைதான் இவங்க மேட்ச், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆடுற பெரிய டீமுக்கு அடுத்த வருஷம் எடுப்பாங்களான்னு பையனுக்கு அதே நெனப்பு. அத்தானுக்கு கிரிக்கெட் விட்டா வேற தெரியாது. நான் 2013ல இருந்து திங்கக்கிழமை விடியக்காலைல எழுந்து என்எஃப்எல், அதாவது அமெரிக்காவோட புரொஃபஷனல் ஃபுட்பால் லீக், பாக்குற ஆளு, அதனால "மாமா, நீங்களே பாத்து எது நல்லா இருக்கு எது சரியில்லன்னு சொல்லுங்க"ன்னு மேட்ச் வீடியோ இருக்கற ஹட்ல் லிங்க்க அனுப்பிட்டான்.

ரெண்டு தடவ முழு மேட்ச் பாத்தேன். 11 டேக்கல் (பந்து ஓட்டுறவன புடிச்சு நிறுத்துறது) பண்ணிருக்கான், எனக்கு சந்தோஷம் தாங்கல. ஆனா அவன் கேட்டது பாராட்டு இல்ல. பிரச்சனை என்னன்னா பந்து எங்க போகுதோ என் கண்ணும் அங்கதான் போகுது, அவன் என்ன பண்ணான்னு பாக்கவே முடியல. நம்ம சாக்கர்னா ஒரு டிஃபெண்டர் எங்க தப்பு பண்றான்னு கண்ண மூடிட்டு சொல்லிருவேன், இதுல எந்த வரிசைல எதப் பாக்கணும்? அக்காகிட்ட கேட்டுட்டு ரெண்டாவது குவார்ட்டர கீழ போட்டிருக்கேன், அவன் நீல ஜெர்சி 44. பொய்யா தட்டிக்கொடுக்க எனக்கு மனசில்ல, தெரியாம குத்தம் சொல்லவும் மனசில்ல.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரன்:

அண்ணே, நான் அமெரிக்கால படிச்சப்ப மூணு சீசன் காலேஜ் டீமுக்கு வீடியோ எடுக்குற பார்ட்டைம் வேல பாத்தேன். லிஃப்ட் மேல நின்னு குளிர்ல வெரல் மரத்துப்போய் எடுக்கணும், அப்புறம் ராத்திரியே ஒவ்வொரு ப்ளேயா (பந்து கெளம்பி நிக்கிற வரைக்கும் ஒரு ப்ளே) வெட்டி கோச்சுங்களுக்கு ரெடி பண்ணணும். அவங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டதத்தான் சொல்றேன்.

முதல்ல அந்த 11ஐ ஒரு ஓரமா வைங்க. லைன்பேக்கர் எத்தன டேக்கல் பண்ணான்ங்கறத விட எங்க பண்ணான்னு பாருங்க. பந்து கெளம்பின கோட்டுல இருந்து 2 கெஜத்துல புடிச்சா டிஃபென்ஸ் ஜெயிச்சுச்சு, 8 கெஜம் ஓடவிட்டுப் புடிச்சாலும் கணக்குல அதே ஒரு டேக்கல்தான். நீங்க போட்ட குவார்ட்டர்ல அவனுக்கு 5 இருக்கு, நான் எண்ணிப் பாத்ததுல 3 டேக்கல் 6 கெஜத்துக்கு அப்பால.

ஒரு ப்ளேய மூணு தடவ ஓட்டுங்க. முதல் தடவ சும்மா என்ன நடந்துச்சுன்னு. ரெண்டாவது தடவ ஸ்னாப்புக்கு, அதாவது பந்து கெளம்புற நேரத்துக்கு, முன்னாடி ஒரு செகண்டும் பின்னாடி ரெண்டு ஸ்டெப்பும் மட்டும், அவன் காலத் தவிர வேற எதையும் பாக்காதீங்க, தேவப்பட்டா ஸ்க்ரீன்ல பாதிய ஒரு பேப்பர வச்சு மறைச்சுக்கோங்க, நான் அப்படித்தான் பழகினேன். மூணாவது தடவ அவனுக்கு நேர் எதிர்ல நிக்கிற கார்ட, அதாவது எதிர் டீம் முன்வரிசைல மறிக்கிற தடியன, மட்டும் பாருங்க. சைடு கேமரா வேணாம், கோல் போஸ்ட் பக்கத்துல இருந்து எடுத்த ஆங்கிள் இருந்தா அதுதான் தங்கம், எந்த கேப்ல (இடைவெளில) யாரு இருக்கான்னு அதுலதான் தெரியும். முன்வரிசைல நடுவுல சென்டர், அவனுக்கு ரெண்டு பக்கமும் கார்ட், அதுக்கு வெளிய டேக்கல்ங்கற ஆளு; சென்டருக்கும் கார்டுக்கும் நடுவுல ஏ, கார்டுக்கும் டேக்கலுக்கும் நடுவுல பி, அதுக்கு வெளிய சி, இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இப்ப 7 நிமிஷம் 40 செகண்ட் மிச்சம் இருக்கறப்ப வர்ற ப்ளேக்கு போங்க. பந்து ஓட்டுறவன் முதல்ல இடது பக்கம் ஒரு ஸ்டெப் வைக்கிறான், நம்ம பையனும் அவன் கூடவே அதே பக்கம் ரெண்டு ஸ்டெப் போயிட்டான். ஆனா அதே நேரத்துல அந்தப் பக்கத்து கார்ட் லைன விட்டு இழுத்துக்கிட்டு வலது பக்கம் ஓடுறான் பாருங்க, அவன் பின்னாலயே இன்னொருத்தனும் ஓடுறான். இதுக்குப் பேரு கவுண்ட்டர். ஓட்டுறவன் பொய் சொல்லுவான், அந்த ரெண்டு தடியனுங்க பொய் சொல்றது ரொம்ப அபூர்வம், 130 கிலோவ தூக்கிக்கிட்டு சும்மா யாரும் குறுக்க ஓடமாட்டான். பையன் திரும்பறதுக்குள்ள கூட்டத்துல மாட்டிட்டான், 9 கெஜம் போயிருச்சு. கடைசில தொரத்திப் போய் புடிச்சதும் அவன்தான், அது அந்த 11ல ஒண்ணா எண்ணப்பட்டிருக்கும்! இந்த மாதிரி கண்ணு ஓட்டுறவன் மேல போன ப்ளே அந்த குவார்ட்டர்ல எனக்கு 5 தெரிஞ்சுச்சு.

நல்லத மறக்காம சொல்லுங்க. வெளிப்பக்கமா ஓடுற ப்ளேல அவன் போற கோணம் அருமை. அவசரப்பட்டு முன்னாடி பாஞ்சா ஓட்டுறவன் உள்ளுக்கு வெட்டிருவான், இவன் எப்பவும் ஓட்டுறவனோட உள்பக்க இடுப்புக்கு ஒரு கெஜம் பின்னாலயே ஓடி, கோட்டுக்கு வெளிய தள்ளுறான், மூணு தடவ அதே மாதிரி. இத இந்த வயசுல கத்துக்குடுக்கறது கஷ்டம், காலேஜ்லயே பாதிப் பேருக்கு வராது.

செந்தூல்_ரக்பி:

அண்ணே நான் ஸ்கூல்லயும் கிளப்லயும் ரக்பி ஆடுனவன், லைன்பேக்கர் பத்தி முழுசா தெரியாது, டேக்கல் தெரியும். 4வது கிளிப் பாருங்க, தம்பி தலைய குனிஞ்சுட்டு பாயுறான், கண்ணு தரையில. பாக்க பயங்கரமா இருக்கு, எல்லாரும் கத்துறாங்க, ஆனா எனக்கு வயிறு கலங்குது. தலைய கீழ வச்சு மோதினா கழுத்துக்கு ஆபத்து. ஓட்டுறவன் ஒரு அடி நகந்தா டேக்கலும் போச்சு, அதே கிளிப்ல அவன் கை நழுவி தொடைல இருந்து முழங்காலுக்கு எறங்குறது தெரியுது.

தலைய ஓட்டுறவனுக்கு பின்பக்கமா வச்சு, தோள தொடைல குடுத்து, ரெண்டு கையாலயும் கட்டி இழுத்து உருளணும். இது ரக்பிக்கு மட்டும் இல்ல, அப்ப சியாட்டல் சீஹாக்ஸ் டீம் கோச்சா இருந்த பீட் கேரல் 2014லயே இந்த ரக்பி முறைய வீடியோவா எடுத்து வெளியிட்டாரு, தேடுனா கெடைக்கும், தம்பிக்கு அனுப்புங்க. மத்த எல்லாத்தையும் அடுத்த மாசம் சொல்லலாம், இத இன்னிக்கே சொல்லிருங்க, அக்காகிட்டயும் சொல்லுங்க.

கெப்போங்_கலா:

பாஸ் டிஃபென்ஸ் பத்தி யாரும் பேசலயே. அந்த குவார்ட்டர்ல 6 பாஸ் ப்ளே இருக்கு. அவன் ஸோன்ல, அதாவது ஒரு ஆளுக்குப் பதிலா ஒரு எடத்த காக்க, பின்வாங்கறப்ப முதுக காட்டி ஓடுறான், அதனால பந்த எறியற குவார்ட்டர்பேக் எங்க பாக்குறான்னும் தெரியல, பின்னாடி யாரு வர்றான்னும் தெரியல. என்எஃப்எல் லைன்பேக்கர் ஃப்ரெட் வார்னர் பின்வாங்குறத ஒரு நாள் உக்காந்து பாருங்க, உடம்பு சாய்ஞ்சு ஓடும், கண்ணு குவார்ட்டர்பேக் மேலயே இருக்கும், நடுவுல டக்குனு தலைய ஒரு தடவ திருப்பி பின்னால யாருன்னு பாத்துப்பாரு. அவர 2018 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது ஆளுங்கள மாத்தி மாத்தி தேர்ந்தெடுக்கறதுல, மூணாவது ரவுண்டுலதான் எடுத்தாங்க, அதையும் தம்பிக்கு சொல்லுங்க.

அப்புறம் லூக் கீக்லி. எனக்கு அவருன்னா உயிரு, 2012ல 9வது ஆளா எடுத்தாங்க, அடுத்த வருஷமே லீக்லயே சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது. ஸ்னாப்புக்கு முன்னாடியே எதிரி என்ன ப்ளே ஆடப்போறான்னு கத்தி சொல்லுவாரு, அவ்வளவும் ஃபிலிம் பாத்து பாத்து வந்தது. 28 வயசுல, 2020 ஜனவரில ரிட்டயர் ஆயிட்டாரு. தலைல அடிபட்டு அடிபட்டு அவர் மைதானத்துல அழுதத பாத்தவங்களுக்குத் தெரியும், செந்தூல் தம்பி சொன்னது எவ்வளவு முக்கியம்னு.

இன்னொண்ணு. எடம் மாறினா கொறையே காணாம போகும். ஸாக் பான்னு ஒரு ஆட்டக்காரர் நியூ ஆர்லியன்ஸ் டீம்ல நாலு வருஷம் பெருசா பேரு வாங்கல, 2024ல ஈகிள்ஸ் டீம் அவர உள் லைன்பேக்கரா முழுநேரமும் ஆடவிட்டாங்க, அதே சீசன்ல ஆல்ப்ரோ (லீக்லயே சிறந்தவங்க பட்டியல்), சூப்பர் பவுல் ஃபைனல்ல எதிர் டீம் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் போட்ட பந்தயும் புடிச்சாரு. அதனால "உனக்கு இது வராது"ன்னு மட்டும் பையன்கிட்ட சொல்லிராதீங்கண்ணே.

பட்டர்வொர்த்_தாய்மாமன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி சொன்ன மாதிரியே பேப்பர வச்சு மறைச்சு மூணு மூணு தடவ முழு மேட்சும் பாத்தேன், ராத்திரி ஷிஃப்ட் லீவு நாள்ல 6 மணி நேரம் ஆச்சு, கண்ணு எரியுது, ஆனா இப்பதான் எனக்கு ஆட்டமே தெரியுது. 12 வருஷமா பந்த மட்டும் பாத்திருக்கேன்.

ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிக்கு வீடியோ கால்ல கூப்டேன், அங்க சனிக்கிழமை ராத்திரி. முதல்ல தலைய குனியறத சொன்னேன், அக்கா பக்கத்துல இருந்து கேட்டு பயந்துட்டாங்க, பையனே "ஆமா மாமா, கோச்சும் சொன்னாரு"ன்னான். அப்புறம் அந்த 5 ப்ளேய ஒவ்வொண்ணா ஓட்டினேன். முதல் கவுண்ட்டர ஓட்டிட்டு "ஏன்டா கார்டப் பாக்கல?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "மாமா அந்த ப்ளேல மேன் கவரேஜ், ரன்னிங் பேக்தான் என் ஆளு, அவன் எங்க போனாலும் நான் போகணும்"னான். எனக்கு சுருக்குனு ஆயிருச்சு. 5லயும் நிறுத்தி நிறுத்தி கேட்டேன், 2 ப்ளே அந்த மாதிரி, அவன் வேலயத்தான் பாத்திருக்கான். மிச்சம் 3ல "இது என் தப்பு, ஃபேக்க நம்பிட்டேன்"னு அவனே சொன்னான்.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரன்:

அண்ணே நான்தான் இத முன்னாடியே சொல்லியிருக்கணும், தம்பிகிட்ட என் சார்பா மன்னிப்பு கேட்டுருங்க. அந்த ஆபீஸ்ல கோச்சுங்க மார்க் போடறப்ப கையில "கால் ஷீட்"னு ஒரு தாள் இருக்கும், எந்த ப்ளேக்கு என்ன டிஃபென்ஸ் சொன்னாங்கன்னு. நமக்கு அது இல்ல. அடுத்த மேட்ச்ல இருந்து பையனையே ஒவ்வொரு ப்ளேக்கும் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க, "ஸோன், என் கேப் பி" அந்த மாதிரி. அத வச்சுக்கிட்டு பாருங்க. அந்த 3 ப்ளேல கால் எந்தப் பக்கம் முதல்ல போச்சு, மூணும் இடதா?

பட்டர்வொர்த்_தாய்மாமன்:

இப்பதான் திரும்ப ஓட்டிப் பாத்தேன். மூணும் இடதுதான். ஸ்னாப்புக்கு முன்னாடியே இடது குதிங்கால் லேசா தூக்கியிருக்கு, எடை முழுக்க அந்தப் பக்கம் சாஞ்சு நிக்கிறான். எதிர் டீம்காரன் இத பாத்திருந்தா வலது பக்கமே ஓட்டிக்கிட்டு இருந்திருப்பான். இப்ப அங்க தூங்குற நேரம், எழுந்ததும் பாக்கட்டும்னு ஸ்க்ரீன்ஷாட்ல கால சுத்தி வட்டம் போட்டு அனுப்பிட்டேன்.